சின்ன அணைதானே என்று விட்டுவிடலாமா?

படகு விட, மீன் பிடிக்க என்று ஓடையை மறித்து ஒரு குட்டி ஏரி. தனியார் இடம், மண் கரை. 'இதெல்லாம் ஒரு அணையா? உடைஞ்சாத்தான் என்ன ஆகிடப் போகுது?' என்று தோன்றும். 1977-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உடைந்தது அப்படி ஓர் அணைதான்.

என்ன நடந்தது?

டொக்கோவா என்ற ஊரில் ஒரு பைபிள் கல்லூரி. அதற்கு மேலே, கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை. 1957-ல் மின் உற்பத்தி நின்ற பிறகு பொழுதுபோக்கு ஏரியாகவே இருந்தது. உயரம் சுமார் 12 மீட்டர். நவம்பர் 6 அதிகாலை, மழைக்கு நடுவே கரை உடைந்தது. கல்லூரிக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் விசாரணையில் சொல்ல முடியவில்லை. செங்குத்தான கரைச் சரிவு, நீர்க்கசிவு எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார்கள்.

'ஹை ஹசார்ட்' என்றால் உடையப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். அமெரிக்காவில் அணைகளை லோ, சிக்னிஃபிகன்ட், ஹை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இது அணையின் பலத்துக்கான மதிப்பெண் அல்ல. உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதற்கான பதில். ஓர் உயிராவது போக வாய்ப்பிருந்தால் 'ஹை'. உயிர்ச்சேதம் இருக்காது, ஆனால் பொருளாதாரமோ சுற்றுச்சூழலோ பாதிக்கும் என்றால் 'சிக்னிஃபிகன்ட்'. நஷ்டம் பெரும்பாலும் உரிமையாளரோடு முடிந்தால் 'லோ'. கரை நல்ல நிலையில் இருக்கிறதா என்பதற்குத் தனி மதிப்பீடு உண்டு.

அதனால், புத்தம் புது அணையும் 'ஹை' ஆகலாம். இன்று 'லோ'வாக இருப்பது, கீழே நான்கு வீடு வந்ததும் 'ஹை' ஆகிவிடும். கரையில் ஒரு கல்கூட நகர்ந்திருக்காது.

இந்தியாவில்?

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 தனியார் அணைகளுக்கும் பொருந்தும். ஆனால் முதல் கேள்வியே உயரம்தான். 15 மீட்டருக்கு மேல் என்றால் சட்டத்துக்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் என்றால், 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். அபாய வகைப்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கெல்லி பார்ன்ஸை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நீளம் சுமார் 120 மீட்டர். கொள்ளளவும் 10 லட்சத்தைத் தொடாது. அடித்தளமோ வடிவமைப்போ வழக்கத்துக்கு மாறானது என்று யாராவது எழுதி வைத்தால் தவிர, 39 பேரைக் கொன்ற அந்த அணை நம் பட்டியலிலேயே வராது.

அமெரிக்காவின் தேசியப் பட்டியலிலோ, 'ஹை' என்றால் உயரம் எவ்வளவாக இருந்தாலும் இடம் உண்டு. நாமும் வரிசையை மாற்ற வேண்டும். முதல் கேள்வி, கீழே யார் இருக்கிறார்கள்? உயரமெல்லாம் அடுத்து.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஏரி அமைக்க அனுமதி கேட்கும்போதே, கரை உடைந்தால் தண்ணீர் போகும் பாதையை வரைபடமாகக் கேட்கலாம். பாதையில் வீடு இருந்தால் ஆண்டுதோறும் பொறியாளர் ஆய்வு, உபரிநீர் வெளியேற ஒழுங்கான வழி, நள்ளிரவில் யார் யாருக்கு போன் செய்வது என்ற திட்டம், மூன்றும் கட்டாயம். கீழே புதிதாக வீடு கட்ட அனுமதி தரும்போதெல்லாம் மறுபடி வகைப்படுத்த வேண்டும். ஏரி தனியாருடையதாக இருக்கலாம். உடைந்தால் அந்தத் தண்ணீர் ஊருக்குள்தானே வரும்?