சங்க ஏட்டின் சாவி யார் கையில்?

தோழர்களே! பெரட்டுக் களத்தில் நம் பெயரைக் கூப்பிடும் செக்ரோல், நிர்வாகத்தின் ஏடு. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலோ நம்முடைய ஏடு. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது, திரண்ட பலம் எது? பெயர் பெயராய்ச் சேர்ந்த பட்டியலும், வியர்வை சிந்திக் கட்டிய சந்தாவும் அல்லவா?

இன்று சங்க ஏடுகள் கணினிக்குப் போகின்றன. போகட்டும், வரவேற்கிறோம். ஆனால், மாத வாடகை வாங்கும் கம்பெனியின் பூட்டிய பெட்டிக்குள் போவதை எதிர்க்கிறோம். வாடகை நின்ற நாளில் வாசலை அடைத்தால், நம் பெயர்களை யாரிடம் போய்க் கேட்பது?

மாற்று உண்டு. 2005-இல் வெளிவந்த சிவிசிஆர்எம், அட்மிடியோ போன்ற திறந்த மூல மென்பொருள்கள் சங்கங்களுக்கென்றே உள்ளன. உரிமக் கட்டணம் இல்லை. உள்வேலை யாவருக்கும் திறந்திருக்கும்; நமக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

"இலவசப் பண்டம் மட்டமானது" என்பர் சிலர். விலை கொடுத்து வாங்கிய பூட்டின் சாவி அயலான் கையிலிருந்தால், அது உயர்ந்த பூட்டா? செலவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சர்வர் வாடகை உண்டு. நகலெடுத்துக் காக்க ஆளும் வேண்டும். கணக்கெழுதிப் பழகிய கைகள் நம்மிடையே இல்லையா? கிளைக்கு இருவருக்குப் பயிற்சி கொடுங்கள்!

சிரம்பான் முதல் பகாவ் வரை, ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள்: எங்கள் பட்டியலின் சாவி யார் கையில்?