பாத்ரூம் சுவருக்கு பெனல் அடிக்க முன்...

உறவுகளே, எங்கட பக்கம் இப்ப புது வீடென்றால் பாத்ரூம் சுவருக்கும் பீவிசி பெனல்தான். மகளுக்கு வீடு கட்டும் வாப்பாமார் கடைசிக் காசையும் அதில் போடுகிறார்கள்.

பெனல் கூடாது என்று சொல்லவில்லை. தண்ணி ஊறாது, துடைப்பது லேசு, டைல்ஸை விட வேலையும் கெதியாய் முடியும். ஆனால் சிலர் கறுத்து ஊறிய சுவரை மறைக்கவே பெனல் தேடுகிறார்கள். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். உள்ளே பைப் கசிந்தால் பெனல் அதை நிறுத்தாது. பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இழுப்புள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அது விளையாட்டில்லை. (காற்றுப்போகிற ஜன்னலையும் சேர்த்து மூடி அடிக்கிறார்கள், அழகாம்!)

மேசனைக் கூப்பிட முதல் வீட்டுக் குழாயெல்லாம் பூட்டிவிட்டு வோட்டர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. பெனல் காசை முதலில் அந்த பைப்புக்குக் கொடுங்கள்.