பெரட்டுக் களத்திற் பரீட்சியுங்கள்!

விரல் ரேகையையும் கருவிழியையும் முகத்தையும் கொண்டு குடிமக்களை இனங்காணும் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு நிதியுதவி வழங்க இந்தியா 2022 மார்ச்சில் இலங்கையுடன் உடன்பட்டது. திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஒரு கடதாசிக்காகக் காத்துக் கிடந்த மலையகத் தமிழருக்கு அடையாளத்தின் அருமையை எவரும் போதிக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது ஒன்றே: கருவியை எங்கே, யாரிடம் பரீட்சித்துப் பார்க்கிறீர்கள்?

கொழும்பில் குளிரூட்டிய அறையில், எழுதுவினைஞரின் மிருதுவான விரலில் அது பழுதின்றி வேலை செய்யும். நுவரெலியாவிலோ அட்டனிலோ நாள்தோறும் கொழுந்து கிள்ளிக் கறையேறி வெடித்த விரலை வைத்தாலன்றோ அதன் தகுதி தெரியும்! ஆதார் திட்டத்துக்காக 2010இல் ஆந்திரம், கர்நாடகம், பீகார் மாநிலங்களின் கிராமங்களுக்கே சென்று முன்னோடிச் சோதனை நடத்தினர். பாராட்டத்தக்கதே. ஆயினும் பிற்காலத்தில் ரேஷன் கடை வாசலில் வயோதிபரும் உடலுழைப்பாளரும் ரேகை பொருந்தாது திகைத்து நின்றனர். பதிவு ஒருநாட் காரியம். பாவனையோ மாதந்தோறும், மழையிலும், அலைவரிசை எட்டாத மலைச்சரிவிலும் நடப்பது. சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

ஆகவே பெரட்டுக் களத்திற்கும், கொழுந்து நிறுக்கும் இடத்திற்கும், அட்டன் பஸ் நிலையத்திற்கும் கருவியைக் கொண்டு வாருங்கள். அதிகாரி அருகில் நின்று சொல்லிக் கொடாமல் தொழிலாளியே கையாளட்டும். எத்தனை பேர் தேறினர் என்பதைவிட, எவ்விடத்தில் ஏன் தடுமாறினர் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். திரையில் தமிழ் எழுத்து இருந்தாற் போதாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த காரியாலயத் தமிழ் பட்டதாரிக்கே விளங்குவதில்லை! விலாசம் எழுதும் கட்டத்தில் லயத்துக்காரர் எதை எழுதுவர்? தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கல்லவா வந்து சேர்ந்தன? பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் அதற்கு வேறோர் எழுத்துக்கூட்டலும் உடையவர் என்ன செய்வர்?

தோட்டப் பெண் யந்திரத்துக்கு அஞ்சுபவள் அல்லள். தராசின் முள் எங்கே நிற்கிறது, கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிகிறது என்பதெல்லாம் அவளுக்கு மனக்கணக்கு. அவள் கூறும் குறையைக் கேட்டுக் கருவியைத் திருத்தும் பொறியியலாளரையே நாம் வேண்டுகிறோம்.

சோதனையின் முடிவைத் தமிழிலும் பகிரங்கப்படுத்துங்கள். ரேகை பொருந்தவில்லை என்னும் ஒரே காரணத்தால் எவருக்கும் அஸ்வெசும கொடுப்பனவோ ஊழியர் சேமலாப நிதியோ மறுக்கப்படலாகாது என்பதை, கருவி மலையேறுமுன் சட்டத்தில் எழுதுங்கள்.