பார்க்காமல் கட்டினால் பாதி ரேட்... மூணு சீட்டு 'பிளைண்ட்' லாபமா, நஷ்டமா?

கரியாலூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். காட்டு வேலை இல்லை. சொந்தக்காரர்கள் நான்கு பேர் மூணு சீட்டு போடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேர் சீட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். நான்காவது ஆள் தொடக்கூட இல்லை. "மாமா, நான் பிளைண்ட்!" என்று 10 ரூபாயை நடுவில் போடுகிறார். வழக்கமான விதிப்படி, சீட்டைப் பார்த்தவர்கள் ஆட்டத்தில் நிற்க 20 ரூபாய் கட்ட வேண்டும்.

யாரும் கட்டாயப்படுத்தாத பந்தயம் இது. பந்தாவுக்குத்தானே என்று தோன்றும். ஆனால், உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது.

52 சீட்டில் 3 சீட்டு சேர 22,100 வழிகள். அதில் 16,440 வழிகளில் ஒரு ஜோடிகூட வராது. அதாவது, 100 கைகளில் 74 குப்பை! பார்த்தவர் குப்பையைக் கண்டதும், இரட்டிப்புப் பணம் எதற்கு என்று 'பேக்' செய்துவிடுவார். பிளைண்ட் ஆள் முகத்தில் எதையும் படிக்க முடியாது. அவருக்கே தெரியாதே! முதல் ஒன்றிரண்டு சுற்றுகளுக்கு இது நல்ல ஆயுதம்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. பார்த்தவர் ஒருவர் அசராமல் 20, 20 என்று கட்டிக்கொண்டே இருந்தால், அவர் கையில் ஜோடியாவது இருக்கலாம். நீங்கள் 10 கட்டி 20 ஜெயிக்க, 3 முறைக்கு 1 முறையாவது ஜெயிக்க வேண்டும். ஆனால், மிகச் சின்ன ஜோடியான இரண்டு 2-களிடம்கூட, பார்க்காத கை சுமார் 4-க்கு 1 முறைதான் ஜெயிக்கும். பாதி ரேட் கிடைத்தும் நஷ்டம்! அந்த நேரத்தில் சீட்டைப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம். வீம்புக்குத் தொடர்பவர்களே அதிகம்.

போக்கரில் இதற்குப் பங்காளி 'ஸ்ட்ராடில்'. சீட்டு வருவதற்கு முன்பே, பெரிய பிளைண்டைப்போல இரண்டு மடங்கு பணத்தை ஒருவர் தானாக வைப்பது. முதல் சுற்றில் கடைசியாகப் பேசும் வாய்ப்பு மட்டும் கிடைக்கும். மூணு சீட்டில் உள்ள பாதி ரேட் சலுகை அங்கே கிடையாது. எனவே, அது இன்னும் மோசமான பேரம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1967-ல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், மூணு சீட்டை முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் என்று தனியாகப் பிரித்துவிட்டது. போனில் ஆடலாமே என்றால், 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்கிறது.

'10 ரூபாய்தானே' என்பதிலும் ஒரு வலை உண்டு. பிளைண்ட் தொகையை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கலாம். 10, 20, 40, 80, 160... ஆறாவது முறை 320. அப்போது சீட்டைப் பார்த்தவர் வைக்க வேண்டியது 640 ரூபாய். ஒரே ஆட்டத்தில், ஒரே திருப்பில், வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு நாள் கூலி!