பெருந்தொற்றுக் காலத்தில் தீவுவாசிகளின் பயணம்: லட்சத்தீவு உணர்த்துவது என்ன?

கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் அமைந்துள்ளது லட்சத்தீவு. இங்குள்ள 36 தீவுகளில் பத்தில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அவர்களின் எண்ணிக்கை 64,473. உயர் சிகிச்சை தேவைப்படும்போது இவர்கள் பெரும்பாலும் கொச்சிக்கே செல்ல வேண்டியுள்ளது. ஆகவே இவர்களுக்குப் பயணம் என்பது மருத்துவத்தின் ஒரு பகுதியும் ஆகும்.

தொற்று எவ்வாறு தடுக்கப்பட்டது?

2020ஆம் ஆண்டு முழுவதும் லட்சத்தீவில் ஒருவருக்குக்கூடக் கோவிட்-19 தொற்று பதிவாகவில்லை. தீவுக்குச் செல்வோர் முதலில் கொச்சியில் தனித்திருந்து, பரிசோதனைக்கு உட்பட்டு, தொற்று இல்லை என்று உறுதியான பின்னரே கப்பலேற அனுமதிக்கப்பட்டனர். 2020 டிசம்பர் இறுதியில் இவ்விதி தளர்த்தப்பட்டு, பயணத்துக்கு முன் பெற்ற ஆர்டி-பிசிஆர் பரிசோதனைச் சான்று போதும் என்றாயிற்று. தீவுவாசிகள் பலர் இத்தளர்வை எதிர்த்தனர். 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று பதிவானது; அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

பரிசோதனைச் சான்று மட்டும் போதுமா?

வைரஸ் உடலில் புகுந்த பின் அறிகுறி தோன்ற 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். இவ்விடைவெளியின் தொடக்கத்தில் மாதிரி எடுக்கப்பட்டால், தொற்று இருந்தும் ‘இல்லை’ என முடிவு வரக்கூடும். தனித்திருக்கும் நாட்கள் இக்குறையை ஈடுசெய்கின்றன. எனினும் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் அந்நாட்கள் தங்குமிடச் செலவையும் வருமான இழப்பையும் ஏற்படுத்துகின்றன.

எதிர்பார்ப்புகள் ஏன் முரண்படுகின்றன?

மீன்பிடித்தல், தென்னை ஆகியவற்றுடன் சுற்றுலாவும் இங்கு வாழ்வாதாரமாக உள்ளது. பயணிகள் வராவிடில் வருமானம் குறையும். கட்டுப்பாடின்றி வந்தால் சிறிய மருத்துவமனைகளால் சுமையைத் தாங்க இயலாது. ஒரே குடும்பத்தில் படகு ஓட்டும் மகன் சுற்றுலா திறக்கப்படுவதை விரும்பலாம். நீரிழிவு உள்ள தாய் அதற்கு அஞ்சலாம். இருவர் நிலைப்பாட்டுக்கும் நியாயம் உண்டு. 2024 ஜனவரியில் பிரதமர் வருகை தந்த பின் லட்சத்தீவுச் சுற்றுலா மீது நாடெங்கும் ஆர்வம் பெருகியுள்ள நிலையில், இக்கேள்வி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. வரும் பயணிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவ வசதியும் வளர வேண்டும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளைக் கப்பல் தாமதத்தையும் கணக்கிட்டு, மருத்துவரின் ஆலோசனையுடன் முன்கூட்டியே இருப்பில் வைத்துக்கொள்ளவும்.
• வழக்கமான மறுபரிசோதனைக்கு நேரில் செல்வது அவசியமா எனக் கேட்டறியவும். இ-சஞ்சீவனி வழியாகத் தொலைமருத்துவ ஆலோசனை பெறலாம்.
• டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது. கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டவுடன் மருத்துவமனையைத் தொடர்புகொண்டு மாற்று ஏற்பாட்டை உறுதிசெய்யவும்.
• மருந்துச் சீட்டு, சிகிச்சைச் சுருக்கம், தடுப்பூசிச் சான்று ஆகியவற்றின் நகல்களைப் பராமரிப்பாளரும் வைத்திருத்தல் நன்று.
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் செயலிழத்தல், கர்ப்பகால இரத்தப்போக்கு ஆகியவற்றில் தொற்று அச்சத்தால் தாமதிக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள மருத்துவமனையை அணுகவும். அவசர நிலையில் நோயாளிகள் ஹெலிகாப்டர் மூலம் கொச்சிக்கு அனுப்பப்படுகின்றனர்.

தீவுக்குச் செல்வோருக்கு

காய்ச்சல், இருமல் இருப்பின் பயணத்தை ஒத்திவைக்கவும். நாட்பட்ட நோய் உடையோர் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும். தாங்கள் செல்லுமிடத்தில் தீவிர சிகிச்சை வசதி குறைவு என்பதையும், அது முதலில் அங்கு வாழ்வோருக்கானது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்கானது; மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்று அன்று.