கதவுக் குடுமியும் கழுத்தும்



தக்கலைப் பக்கம் போனால் என் கண் மனிதர்களின் கழுத்தைத்தான் பார்க்கிறது. சும்மாடு வைத்து வாழைக்குலை சுமப்பவர், தென்னை உச்சியில் அண்ணாந்து நின்று குலை வெட்டுபவர் என்று அங்கே கழுத்துக்கு ஓய்வில்லை. “பிடரி பிடிச்சிருக்கு” என்று முடிதிருத்தும் கடையில் தலையைக் கொடுத்து, சடக்கென்று ஒரு திருப்பு வாங்கிப் போகிறவர்களைக் கண்டால்தான் மனம் பதறுகிறது.

பத்மநாபபுரம் அரண்மனை போன்ற பழைய கட்டடங்களில் குடுமி என்னும் முளையில் சுழலும் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். நம் கழுத்திலும் அப்படியொன்று உண்டு. ஏழு எலும்புகளில் இரண்டாவதிலிருந்து ஒரு முளை எழுந்து, முதல் எலும்பின் வளையத்துக்குள் நிற்கிறது. தலை இடம் வலம் திரும்புவதில் சுமார் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. முளையை ஒரு நார்ப்பட்டை பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதற்கும் பின்னால் தண்டுவடம். பட்டை தளர்ந்தாலோ முளை முறிந்தாலோ எலும்புகள் நிலைபிசகித் தண்டுவடத்தை நசுக்கலாம்.

மரத்திலிருந்து விழுவதும் வாகன விபத்தும் எல்லோரும் அறிந்த காரணங்கள். ஆண்டுக்கணக்கில் இருக்கும் முடக்குவாதம் அந்தப் பட்டையைச் சத்தமில்லாமல் அரித்துவிடலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் சிலருக்குப் பட்டை இயல்பிலேயே தளர்வு. பிறவியிலேயே எலும்பு சரியாக அமையாதவர்களும் உண்டு.

நேராக வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இந்த நிலைபிசகு தெரியாமல் போகலாம். மருத்துவர் பக்கத்தில் இருக்க, கழுத்தைக் குனித்தும் நிமிர்த்தியும் எடுத்த படத்தில், முளைக்கும் முதல் எலும்பு வளையத்தின் முன்பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வரும். தண்டுவடத்தின் நிலையை எம்.ஆர்.ஐ. சொல்லும். புதிதாக அடிபட்டவரைக் குனிய வைத்துப் பார்க்கும் வேலையே கூடாது, முதலில் சி.டி. ஸ்கேன்தான்.

எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. சிலருக்குக் கழுத்துப்பட்டையும் முறையான பயிற்சியும் போதும். தண்டுவடம் நசுங்கினால் திருகாணி வைத்து எலும்புகளைப் பிணைப்பார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994இல் வெளியிட்ட முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. பிணைத்தபின் தலை முன்போல் திரும்பாது. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வர்ம வைத்தியம் செய்யும் ஆசான்களை மதிக்கிற மண் இது, நானும் மதிக்கிறேன். ஆனாலும் விழுந்தவர் கழுத்தையும் முடக்குவாதக்காரர் கழுத்தையும் படம் பார்க்காமல் யாரும் திருப்ப வேண்டாம். மரத்தடியில் விழுந்து கிடப்பவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஒருவர் தலையை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

மருத்துவரிடம் “கழுத்து வலி” என்பதோடு நிறுத்தாதீர்கள். சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்கிறதா, அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்