மழிக்கும் கத்தியிலும் இஹ்ஸான்



தலத்தெருவில் நான் பாடம் நடத்தும் மதரஸாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலை ஜும்ஆவுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் தண்ணீர்த் தொட்டியருகே கூடித் தலை மழித்துக்கொள்வது வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளியன்று அங்கே சற்று நின்று கவனித்தேன். ஆறு பிள்ளைகள், ஒரு குவளை, ஒரு குளியல் சோப்பு, ஒரே ரேசர். ஒருவன் மழித்து முடித்ததும் அதைத் தண்ணீரில் அலசி அடுத்தவனிடம் நீட்டினான். "பிளேடு எப்போது மாற்றினீர்கள்?" என்றேன். "போன மாதம், ஹஜ்ரத்" என்றார்கள்.

அவர்களுள் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டே பாடத்துக்கு வந்திருந்தான். குளிர் தாங்காதவன் என்று நானும் வாளாவிருந்துவிட்டேன். அன்று துண்டை விலக்கச் சொன்னபோதுதான் பிடரி முழுவதும் சிவந்து தடித்த பருக்களைக் கண்டேன். சிலவற்றில் சீழும் இருந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதே மாதத்தில்தான் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 17ஆவது ஹதீஸை இப்பிள்ளைகளுக்கு நான் மனனம் செய்வித்திருந்தேன். எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செயலை அழகுற நிறைவேற்றுவதை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்பதும், அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து. ஆட்டின் கழுத்துக்குத் தீட்டிய கத்தி வேண்டும் என்று ஓதிய பிள்ளை, தன் கழுத்துக்கு ஒரு மாதத்துப் பிளேடு போதுமென்று நினைத்தான். ஓதிக்கொடுத்த நானும் அதைக் கவனிக்கவில்லை.

எந்த முடியைக் களைய வேண்டும், நாற்பது நாட்களைக் கடக்கவிடலாகாது என்பதையெல்லாம் நாம் விரிவாகப் போதிக்கிறோம். எப்படிக் களைவது என்பதைப் பேசுவதே கண்ணியக் குறைவு என ஒதுக்கிவிடுகிறோம். (தாடி குறித்த சட்டம் தனிப் பேச்சு, இங்கே நான் சொல்வது தலை, பிடரி, கன்னத்தின் மேற்பகுதி பற்றி.)

முதற்குறை தண்ணீரில் இருக்கிறது. கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் உப்பும் கடினமுமானது. அதில் சோப்பு நுரைக்காது. திரிந்து மாவுபோல் தோலில் படியும். அந்தப் படிவின்மேல் பிளேடு வழுக்கிச் செல்லாது, இழுபடும். ஆகவே சவரத்துக்கு மட்டும் ஒரு குவளை குடிநீரை எடுத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். அதில் நனைத்த துணியை மூன்று நிமிடம் முடிமீது வைத்திருங்கள். அல்லது குளித்த கையோடு மழியுங்கள். நீரில் ஊறிய முடி மென்மையாகி எளிதில் அறுபடும். பிறகு ஷேவிங் கிரீமைப் பிரஷால் வட்டமாகத் தேய்த்து நுரையை முடியின் அடிவரை சேர்க்க வேண்டும். குளியல் சோப்பின் நுரை பாதி வேலைக்குள் காய்ந்துவிடும்.

அடுத்தது கை. நன்றாக வழிக்க வேண்டுமென்று அழுத்துவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. ரேசரின் எடையே போதும். இருபுறக் கூர்ப் பிளேடாயின் தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்து, விரலகல அளவுக்குக் குறுகக் குறுக இழுத்து, அடிக்கடி அலச வேண்டும். முடி எத்திசையில் வளர்கிறது என்பதை முன்பே விரலால் தடவி அறிந்துகொள்வது அவசியம். பிடரியில் அது பக்கவாட்டில் திரும்பும்; உச்சியில் சுழியைச் சுற்றி வளரும்; ஆகவே சுழியருகே கையும் சுற்றிவர வேண்டும். முதல் முறை வளரும் திசையிலேயே மழியுங்கள். இன்னும் வழவழப்பு வேண்டுமாயின் மீண்டும் நுரை பூசிக் குறுக்கே ஒருமுறை மழிக்கலாம். எதிர்த்திசையில் மழிப்பது சுருள்முடிக்காரர்களுக்கு ஆகாது. தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டுண்ட சுருள்முடி, வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். அப்பிள்ளையின் பிடரியில் நேர்ந்தது அதுவே.

பிளேடைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. எஃகு முடியைவிட 50 மடங்கு கடினமானது; ஆயினும் முடி அதைச் சிதைக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் இதை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார்கள். வளைந்து கொடுக்கும் முடி சாய்வாக மோதும்போது கூர்முனையில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதைக் கண்டார்கள். கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் பிளேடும் தேய்ந்திருக்கலாம். இழுபடுவதை உணர்ந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். ஒரு பிளேடின் விலை ஒரு தேநீருக்குக்கூட வராது.

இவை யாவற்றினும் பெரிது, ரேசரைப் பகிர்தல். ஹெப்படைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். அதைச் சுமப்பவரிடம் அறிகுறி எதுவும் தெரியாமலிருக்கலாம்; தண்ணீரில் அலசுவதால் அது அழியாது. நமக்கும் பிறர்க்கும் தீங்கு கூடாது என்ற ஹதீஸ் அதே தொகுப்பில் 32ஆவது. சலூனில் புதுப் பிளேடை நம் கண்முன் மாட்டச் சொல்வதற்குக் கூசுவானேன்? எல்லார் முகத்திலும் உருளும் படிகாரக் கட்டியையும் மறுத்துவிடலாம். ஹஜ்ஜில் மழித்தவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் மும்முறை துஆச் செய்தார்கள். அச்சிறப்பை நாடி மினாவில் ஒரே ரேசரால் ஒருவருக்கொருவர் மழித்துக்கொள்வோர் உண்டு. அங்கே அனுமதி பெற்ற நாவிதரிடம் புதுப் பிளேடால் மழித்துக்கொள்ளுங்கள். அல்லது உங்களுக்கென ஒரு ரேசரைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள்.

உடன் பணிபுரியும் மூத்த ஹஜ்ரத் ஒருவர், "எங்கள் காலத்தில் உடைந்த பிளேடுத் துண்டால் மழித்தோம், இதெல்லாம் சொகுசு" என்றார். அவர் பட்ட சிரமத்தை மதிக்கிறேன். ஆனால் அன்று இல்லாமையால் பட்டதை, இன்று சோம்பலால் படுவது பொறுமையாகாது என்றே அவரிடமும் பணிவோடு சொன்னேன்.

மழித்தபின் குளிர்ந்த நீரால் கழுவி ஒற்றியெடுங்கள். துண்டால் தேய்க்க வேண்டாம். அத்தரை உடையில் பூசுங்கள், மழித்த கழுத்தில் வேண்டாம்.

இப்போது எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பெயர் ஒட்டிய தனி ரேசர் உண்டு. பழைய பிளேடுகள் குப்பைக்குப் போய்த் துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்காதிருக்க, பால்மாவு டின் ஒன்றின் மூடியில் கீறலிட்டு வைத்திருக்கிறோம். துண்டு போட்டிருந்த பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மழிப்பதைச் சில வாரங்கள் நிறுத்தச் சொன்னார். "மழிக்காமல் ஜும்ஆவுக்குப் போனால் குற்றமா, ஹஜ்ரத்?" என்று கேட்டான். ஹஜ், உம்ராவுக்கு வெளியே தலை மழிப்பது கடமையன்று, மெஷினால் சீராகக் கத்தரித்தாலே போதும் என்றேன். சென்ற வெள்ளி இரண்டாம் ஸஃப்பில் நின்றிருந்தான், கழுத்தில் துண்டு இல்லாமல்.